ஒரு விதியும் மீறாத லிப்ட்

உலகத்திலேயே ஒழுக்கமான லிப்ட் எது என்று யாராவது கேட்டால், தையல்காரர் குடியிருந்த கட்டடத்து லிப்டைத் தயங்காமல் சொல்லலாம். ஏழு மாதமாக அது ஒருவர் விரலையும் நசுக்கவில்லை. ஒருவரையும் இரண்டு மாடிகளுக்கு நடுவே சிறைவைக்கவில்லை. அளவுக்கு மேல் ஆளேற்றவில்லை. கதவு திறந்திருக்கும்போது நகரவில்லை; மூடியிருக்கும்போதும் நகரவில்லை. விதி இணக்க மெய்ப்பிப்பு வாரியம் அதற்கு முதல் வகுப்புச் சான்றிதழ் கொடுத்து, அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு லிப்டுக்குள்ளேயே மாட்டியிருந்தது.

தையல்காரர் இருந்தது ஒன்பதாம் மாடியில். வயது அறுபத்தெட்டு. நாற்பத்துநாலு வருஷம் மிஷின் மிதித்ததில் இரண்டு முழங்காலும் தேய்ந்து, ஊரார் சட்டைகளோடு சேர்ந்து அவையும் பழசாகிவிட்டன. படி ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். மனைவி போய் நாலு வருஷம். பிள்ளை குட்டி இல்லை. இருந்த ஒரே சொந்தம் அக்கா. அவரைவிட எட்டு வயது பெரியவள், அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். அந்த அறையில் அவள் கட்டிலும், அவளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பாயும் போக, ஒரு நாற்காலிக்குத்தான் இடம். அந்த நாற்காலி தையல்காரருடையது.

தினமும் நாலு மணிக்கு ஃப்ளாஸ்கில் டீ போட்டு எடுத்துக்கொண்டு லிப்டில் இறங்குவார். ஆறு மணிவரை உட்கார்ந்திருப்பார். அக்காவுக்கு மறதி வியாதி. காலையில் சாப்பிட்டது மறந்துவிட்டது, கணவர் போனது மறந்துவிட்டது, பல நாள் தன் பெயரே மறந்துவிடும். தம்பி முகம் மட்டும் மறக்கவில்லை. வாசலில் அவர் தலை தெரிந்ததும், "வந்துட்டியா? ஊருக்கெல்லாம் தெச்சுக் குடுக்கற, உன் சட்டைல பட்டன் இல்லையே" என்பாள். பட்டன் இருக்கும். அவர் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. ஒரு நாளின் இருபத்துநாலு மணி நேரத்தில் அவரிடம் யாராவது பேசுவது அந்த இரண்டு மணி நேரம்தான்.

இந்த நேரத்தில்தான் வாரியம் வந்து சேர்ந்தது.

வாரியத்தின் வேலை, எந்த ஏற்பாடும் விதிப்படி இருக்கிறதா என்று தர்க்க முறையில் நிரூபிப்பது. ஓட்டிப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, கேட்டுப் பார்ப்பது போன்ற பாமரப் பழக்கங்கள் அவர்களிடம் கிடையாது. அவர்கள் லிப்டைக் குறியீடுகளாக எழுதினார்கள். நாற்பத்தேழு விதிகளையும் குறியீடுகளாக எழுதினார்கள். பிறகு லிப்டின் தலைமேல் ஒரு பெட்டியை வைத்து சீல் அடித்தார்கள். அதற்கு விதிப் பெட்டி என்று பெயர். இனிமேல் லிப்ட் நகர்வதற்கு முன்னால், நகர்ந்தால் ஒரு விதியும் மீறப்படாது என்று பெட்டி தனக்குத்தானே நிரூபித்துக்கொள்ள வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்பதால் மீறப்படும் விதி எதுவும் அந்த நாற்பத்தேழில் இல்லை.

பெட்டி வைத்த மறுநாள் லிப்ட் ஒன்பதாம் மாடிக்கு வந்தது. கதவைத் திறந்தது. அப்படியே நின்றுவிட்டது. உள்ளே விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது, பட்டனைத் தொட்டால் சிவப்பாக மினுக்கியது. நகர மட்டும் மறுத்தது. தையல்காரர் ஃப்ளாஸ்கோடு உள்ளே போய் கால் மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தார். டீ ஆறிப்போயிருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது இதுதான்.

மூன்றாம் நாள் மெக்கானிக் படியேறி வந்தான். பல வருஷமாக அந்த லிப்டைப் பார்த்துக்கொண்டவன். டார்ச் அடித்துப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"அண்ணே, கதவோரத்துல ஒரு கண்ணு இருக்கு பாருங்க, ஆள் நிக்கிறாங்களான்னு பாக்கறது. அதுல தூசி. ஆள் இல்லைன்னு பெட்டிக்கு நிச்சயமாத் தெரியலை. நிச்சயம் இல்லாம அது நகராது."

"தொடச்சு விட்டுடேன்ப்பா."

"அந்தக் கண்ணையும் பெட்டியோட சேத்து சீல் வெச்சிருக்காங்கண்ணே. ஒரு ஊது ஊதினா சரியாப் போயிடும். ஆனா சீலை ஒடச்சா இது நிரூபிச்ச லிப்ட் இல்லை. நிரூபிக்காத லிப்ட்ல ஆள் ஏறக்கூடாதுன்னு வாரியம் கரண்டையே புடுங்கிடும்."

"அப்ப, சரி பண்ணாட்டி ஓடாது. சரி பண்ணா ஏறக்கூடாது."

"நீங்க வாரியத்துல வேலைக்குச் சேரலாம்ணே," என்றான் மெக்கானிக், டார்ச்சை அணைத்தபடி.

முதல் இரண்டு வாரத்துக்குள் தையல்காரர் ஒருநாள் படியிறங்கிப் பார்த்தார். எட்டாம் மாடி திருப்பத்தில் வலது முழங்கால் பூட்டு விழுந்த மாதிரி நின்றுகொண்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டார்கள். ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. அவர்களே, "நாற்காலியில வெச்சுக் கீழ தூக்கிட்டுப் போறோம்" என்று முன்வந்தார்கள். நல்ல மனிதர்கள். கட்டடத்துச் செயலாளர்தான் ஓடிவந்து தடுத்தார். விதி முப்பத்தொன்று: லிப்ட் பழுதான காலத்தில் மட்டுமே ஆளைப் படியில் தூக்கிச் செல்லலாம்.

"பழுதாத்தானே இருக்கு?" என்றார் தையல்காரர்.

செயலாளர் அவரைக் கைத்தாங்கலாக லிப்டுக்குள் அழைத்துப்போய்ச் சான்றிதழைக் காட்டினார். "பழுதுன்னு எங்க போட்டிருக்கு? நீங்களே படிங்க."

தையல்காரர் படித்தார். நல்ல தாளில் நல்ல எழுத்தில் இருந்தது. பழுது என்று எங்கேயும் இல்லை.

அவர் புகார் எழுதினார். ஒன்பது புகார் எழுதிய பிறகு, மூன்றாவது மாதம், வாரியமே நேரில் வந்தது. தலைமை மெய்ப்பாளர், துணை மெய்ப்பாளர், கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஒரு எழுத்தர். மூவரும் ஒன்பது மாடியும் படியேறி வந்தார்கள். தலைமை மெய்ப்பாளர் கனத்த சரீரம். மூச்சு திரும்பப் பத்து நிமிடம் ஆயிற்று. தையல்காரர் தண்ணீர் கொடுத்தார்.

"லிப்ட்ல வந்திருக்கலாமேங்க," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்குக் குத்தத் தெரிந்தது துணியை மட்டும்தான்.

"சோதனைக்கு முன்னாடி சோதிக்கற பொருளைப் பயன்படுத்தக் கூடாது," என்றார் தலைமை. "அது ஒருதலைப்பட்சம்."

சோதனை தொடங்கியது. துணை ஒவ்வொரு விதியாக உரக்கப் படிப்பார். தலைமை கண்ணை மூடிக்கொண்டு, "எதிர்க்காட்டு உண்டா?" என்று மூன்று முறை கேட்பார். அந்த விதியை லிப்ட் மீறிய ஒரே ஒரு சம்பவத்தை யாராவது சொன்னால் போதும், அதுதான் எதிர்க்காட்டு. விதி அங்கேயே செத்துப்போகும். சொல்லாவிட்டால் எழுத்தர் முத்திரை குத்துவார்.

"விதி ஒன்று. நகரும் லிப்டின் கதவு திறந்திருக்கக் கூடாது."

"எதிர்க்காட்டு உண்டா? எதிர்க்காட்டு உண்டா? எதிர்க்காட்டு உண்டா?"

தையல்காரருக்கு இருமல் வந்தது. மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். எழுத்தர் பேனாவை எடுத்து, 'இருமல். எதிர்க்காட்டு அல்ல' என்று எழுதிக்கொண்டார்.

இப்படி நாற்பத்தேழு. லிப்ட் யாரையும் தவறான மாடியில் இறக்கிவிட்டதா? இல்லை. வேகவரம்பை மீறியதா? இல்லை. திடீரென்று குலுங்கி முதியவர்களைப் பயமுறுத்தியதா? இல்லவே இல்லை. நாற்பத்தேழாவது முத்திரை விழுந்தபோது துணை மெய்ப்பாளரின் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சுத்தமான லிப்டை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லையாம்.

"ஐயா, ஒரே ஒரு தடவை உள்ள ஏறிப் பட்டனை அமுக்கிப் பாருங்களேன்," என்று கெஞ்சினார் தையல்காரர்.

தலைமை அவரைக் கருணையோடு பார்த்தார். "பெரியவரே, ஓட்டிப் பாக்கறது பழைய காலத்து முறை. ஒரு தடவை ஓட்டிப் பாத்தா அந்த ஒரு தடவையைப் பத்தித்தான் தெரியும். நாங்க எல்லாத் தடவைக்கும் சேத்து நிரூபிக்கிறோம். எங்க லிப்ட் இருக்கறது தாள்ல. அதுல ஒரு தப்பும் வராது. இந்த இரும்புல ஏதாவது குறை இருந்தா, அது இரும்போட குறை."

"லிப்ட் ஓடலைங்களே."

"ஓடணும்னு எந்த விதி சொல்லுது?"

துணை அவசரமாகக் கோப்பைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். "அப்படி ஒண்ணும் இல்லை சார்."

சட்டைக்குக் கழுத்து வெட்டாமல் விட்டுவிட்டு, தையலில் குறையில்லை என்று சொன்னால் எப்படியிருக்கும் என்று தையல்காரர் நினைத்தார். வாயில் வந்தது வேறு. "அப்ப அந்த விதியையும் ஒண்ணு சேத்துடுங்களேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் அவர்தான். வாரியத்துக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. விதி சேர்ப்பதென்றால் குழு போடலாம், குழுவுக்குத் துணைக்குழு போடலாம். தலைமை மெய்ப்பாளர் எழுந்து நின்று கை கொடுத்தார். பொதுமக்கள் பங்கேற்பு என்று எழுத்தர் தனிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

இந்தப் பக்கம் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. தையல்காரர் தினமும் நாலு மணிக்கு அக்காவுக்குப் போன் பண்ணுவார். முதல் மாதம், "எப்ப வர்ற?" என்றாள். இரண்டாம் மாதம், "யாரு, தம்பியா?" என்றாள். மூன்றாம் மாதம் போனை வாங்கி, "தப்பு நம்பர்" என்று வைத்துவிட்டாள். பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் கட்டடத்தில் எல்லோரும் நர்ஸம்மா என்பார்கள். நர்ஸுக்குப் படித்தவள் இல்லை, ஆனால் படித்தவர்களைவிடப் பொறுமைசாலி. அவள் முகம் பார்த்துப் பேசும் போனில் ஒருமுறை முயன்று பார்த்தாள். அக்கா அந்தச் சின்னக் கண்ணாடியில் தம்பியைப் பார்த்துவிட்டு, போனைத் திருப்பிப் பின்பக்கம் தேடினாள். அங்கே ஆள் இல்லை என்றதும் பயந்து அழுதாள். அதோடு அதை விட்டுவிட்டார்கள்.

"குரல் அவங்களுக்கு நிக்க மாட்டேங்குதுங்க," என்றாள் நர்ஸம்மா. "நேர்ல முகத்தைப் பாத்தா பிடிச்சுக்குவாங்க. இன்னமும் நாலு மணியானா வாசலைப் பாத்து, தம்பி வரலையான்னு கேக்கறாங்க. அது இருக்கற வரைக்கும் பரவாயில்லை. சீக்கிரம் வரப் பாருங்க."

அன்றிலிருந்து தையல்காரர் போன் பண்ணுவது நர்ஸம்மாவுக்குத்தான். கேட்பது ஒரே கேள்வி. "இன்னைக்குக் கேட்டாங்களா?" "கேட்டாங்க." அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மறுநாள் நாலு மணிவரை ஓட்டுவார்.

ஐந்தாம் மாதம் நாற்பத்தெட்டாவது விதி பிறந்தது. துணை மெய்ப்பாளரே படியேறி வந்து வாசித்துக் காட்டினார்: "லிப்டில் ஏறிப் பட்டனை அழுத்திய பயணி, தான் கேட்ட மாடியை என்றாவது ஒருநாள் அடைவார்."

தையல்காரருக்கு நெஞ்சு குளிர்ந்தது. உடனே ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தரைத்தளம் பட்டனை அழுத்தினார். சிவப்பு மினுக்கியது. லிப்ட் நின்றது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "விதியை மீறிடுச்சுங்களே. எதிர்க்காட்டு நான்தான். எழுதிக்குங்க" என்றார்.

"எப்படி மீறிச்சு?" துணைக்கு உண்மையாகவே புரியவில்லை. "என்றாவதுன்னுதானே போட்டிருக்கு. இன்னைக்குப் போகலைன்னா நாளைக்குப் போகலாம். நாளைக்கு இல்லைன்னா அடுத்த வருஷம்."

"எப்பவுமே போகலைன்னா?"

"எப்பவுமே போகலைங்கறதை எப்ப சொல்ல முடியும்? எல்லா நாளும் முடிஞ்ச பிறகுதானே? அப்ப வந்து புகார் குடுங்க, கண்டிப்பா எடுத்துக்கறோம்."

"பத்து நிமிஷத்துக்குள்ளன்னு போட்டிருக்கலாமேங்க."

துணை மெய்ப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "குழுவுல ஒருத்தர் சொன்னாரு. தலைவருக்குக் கோபம் வந்துடுச்சு. பத்து நிமிஷம்னு போட்டா இந்த லிப்ட் ஃபெயிலாயிடும். முதல் வகுப்புல பாஸான லிப்டை ஃபெயிலாக்கற விதி தப்பான விதியாத்தானே இருக்கணும்? அந்த ஆளை இப்ப சுரங்கப் பாதைக்கு மாத்திட்டாங்க."

தையல்காரர் தளர்ந்துபோய் வெளியே காலெடுத்து வைக்கப் போனார். துணை பதறிப்போய்த் தடுத்தார்.

"இறங்கிடாதீங்க! நீங்க இப்ப பயணத்துல இருக்கீங்க. இறங்கினா பயணத்தைக் கைவிட்டதாகும். கைவிட்டவரை மாடியில சேக்க லிப்ட் பொறுப்பில்லை."

இப்படியாக அவர் பயணியானார். வாரியத்தின் பதிவேட்டில் அன்றைய தேதியில் அவர் பெயருக்கு நேரே 'கீழ்நோக்கிப் பயணம், தொடர்கிறது' என்று ஏறியது. சிரிக்காதீர்கள். ஒன்றுமே நடக்காத இடத்தில் இருப்பவனுக்கு, தொடர்கிறது என்ற சொல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது இருந்து பார்த்தால்தான் தெரியும். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வந்தது. பகலெல்லாம் லிப்டுக்குள் உட்கார்ந்து, கொண்டுவந்து கொடுக்கிற கிழிசல்களைக் கையால் தைத்தார். குளிக்க, தூங்க, கழிப்பறைக்குப் போக, இயற்கை இடைவேளை என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் போகும் நேரமும் திரும்பிய நேரமும் எழுதி, 'பயணத்தைக் கைவிடும் எண்ணம் இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒருநாளைக்கு ஏழெட்டுக் கையெழுத்து ஆயிற்று.

பக்கத்து வீட்டுக்காரர்கள் போகவர எட்டிப் பார்த்து, "எங்க வரைக்கும் வந்திருக்கீங்க?" என்று கேலி செய்வார்கள். "இப்பத்தான் கெளம்பியிருக்கோம்" என்பார். கொஞ்ச நாளில் கேலியும் நின்றுவிட்டது. அவரைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனவர்கள், வழக்கமாக அங்கே இருக்கும் நாற்காலியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள். லிப்டின் மூன்று சுவரிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊசியும் நூலுமாக ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். அதைத் துணை என்று சொல்ல முடியாது. தனிமை அவரைப் பிய்த்துத் தின்றது.

மெக்கானிக் மட்டும் வாரம் ஒருமுறை வந்து வாசலில் உட்காருவான். ஒருநாள், "அண்ணே, ராவோட ராவா சீலை ஒடச்சிடவா? வேலை போனாப் போகுது" என்றான்.

"ஒடச்சா கரண்டு போயிடும்னியே."

"ஆமா. போயிடும். அதையும் பழுதுன்னு எழுத மாட்டாங்க, தடைன்னுதான் எழுதுவாங்க."

"அப்ப நீ வேலையை இழந்து, நான் விளக்கையும் இழக்கணுமா? விடுப்பா." உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று மெக்கானிக் அந்தத் தூசி படிந்த கண்ணைத்தான் திட்டிவிட்டுப் போனான்.

ஏழாம் மாதம் ஒரு வியாழக்கிழமை. நாலே கால் மணிக்கு லிப்டுக்குள்ளிருந்தபடியே நர்ஸம்மாவுக்குப் போன் போட்டார்.

"இன்னைக்குக் கேட்டாங்களா?"

நர்ஸம்மா, "நாலு மணிக்கு வாசலைப் பாத்தாங்க," என்றாள். "பாத்துட்டு, எதுக்குப் பாத்தோம்னு தெரியாம என்னையே பாத்தாங்க. அப்புறம் திரும்பிக்கிட்டாங்க."

"கேக்கலையா?"

"கேக்கலைங்க. நேத்தும் கேக்கலை. உங்ககிட்ட சொல்ல மனசு வரலை."

தையல்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டார். ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். அப்போது அவருக்கு வாரியத்தின்மேல் கோபம் வரவில்லை, தன்மேல்தான் வந்தது. தாளில் எழுதிய பயணத்தை நம்பி இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. அழுதார். மூன்று கண்ணாடியிலும் மூன்று பேர் அழுதார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்தார். நடந்தால்தானே முழங்கால் பூட்டிக்கொள்ளும்? உட்கார்ந்தபடியே, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கத்தை நகர்த்தி இறங்கத் தொடங்கினார். மாடிக்குப் பதினெட்டு படி. ஒன்பது மாடிக்கு நூற்று அறுபத்திரண்டு. இறங்கினால் திரும்ப ஏற முடியாது என்பது தெரியும். மிஷின், கட்டில், மனைவியின் படம் எல்லாம் மேலேதான் இருந்தன. கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். விதி முப்பத்தொன்று ஆளைத் தூக்கிச் செல்வதைத்தான் தடுத்தது; ஆள் தானே தேய்ந்துகொண்டு போவதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

ஏழாம் மாடியில் உள்ளங்கை தோல் உரிந்தது. ஆறாம் மாடியில் கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்தது. தைத்தவர் அவரே என்பதால் யாரையும் திட்ட முடியவில்லை. நாலாம் மாடித் திருப்பத்தில், பதினொன்றரை மணிக்கு, கீழிருந்து வாரியம் ஏறி வந்துகொண்டிருந்தது. சான்றிதழைப் புதுப்பிக்கும் நாள் அது.

தலைமை மெய்ப்பாளர் அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றார். "நீங்க பயணத்துல இருக்கறவர் இல்லையா?"

"கைவிட்டுட்டேங்க."

துணையின் முகம் மலர்ந்துவிட்டது. எழுத்தர் படிவத்தை நீட்டினார். தையல்காரர் தோல் உரிந்த கையால் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தாளில் லேசாக ரத்தம் பட்டது. எழுத்தர் அதை ஒற்றியெடுத்து, 'கறை. எதிர்க்காட்டு அல்ல' என்று ஓரத்தில் எழுதினார்.

தலைமைக்கு மூச்சு வாங்கியது. தையல்காரர் பக்கத்திலேயே, அதே படியில் உட்கார்ந்தார். அவருக்கும் யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்திருக்க வேண்டும்.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன," என்றார். "இந்த வாரியத்துல இருபத்தாறு வருஷம். கால்வாய், மதகு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எல்லாத்தையும் நிரூபிச்சிருக்கேன். எங்க போனாலும் ஒரே தொல்லை. எல்லாம் சரியா இருக்கும். நடுவுல யாராவது ஒருத்தர் வந்து, எனக்குத் தண்ணி வரலை, எனக்கு மருந்து கிடைக்கலைன்னு நிப்பாங்க. கண்ணு முன்னால அவ்வளவு அழகான நிரூபணம் இருக்கும், அதைப் பாக்கவே மாட்டாங்க. நீங்க கைவிட்டது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? இப்ப இந்த லிப்ட்ல சேராத பயணின்னு ஒருத்தர்கூட இல்லை. நாற்பத்தெட்டும் சுத்தம்." கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கும் மூட்டு வலிதான். டாக்டர் படியே ஏறாதேங்கறாரு."

"இன்னும் அஞ்சு மாடி இருக்குங்களே," என்றார் தையல்காரர்.

"ஆமா," என்றார் தலைமை மெய்ப்பாளர். கைப்பிடியைப் பிடித்து எழுந்து, ஒவ்வொரு படியாக மேலே போனார். அவருடைய மூச்சு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

தரைத்தளம் வந்தபோது மணி மூன்றரை. சுவரைப் பிடித்து எழுந்து, நர்ஸம்மா தோளைப் பிடித்துக்கொண்டு, அறை வாசலுக்கு வந்தார். கலைந்த தலையைக் கையால் வாரிக்கொண்டார். சட்டைப் பட்டன்களை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அக்கா கட்டிலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"வாங்க," என்றாள் அக்கா. "யாரைப் பாக்கணும்?"

அறுபத்தெட்டு வருஷத்தில் அக்கா அவரை 'வாங்க' என்றது அதுதான் முதல் தடவை. நர்ஸம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தையல்காரர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"கால் இப்படி நடுங்குதே, உக்காருங்க," என்றாள் அக்கா. நாற்காலியில் நர்ஸம்மா மடித்துவைத்திருந்த துணிகளை அவளே எடுத்துக் கட்டிலில் போட்டாள். அவர் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் ஏழு மாதம் கழித்து உட்கார்ந்தபோது அவருக்கு உடம்பெல்லாம் வலித்தது. அக்கா அவருடைய உள்ளங்கையைப் பார்த்தாள். ரத்தம் காய்ந்திருந்தது. அவள் முகம் வாடிவிட்டது.

"ரொம்பத் தூரத்துலேர்ந்து வர்றீங்களா?"

"ஆமா."

"யாரைத் தேடி?"

"எங்க அக்காவை," என்றார்.

"இங்கதான் இருக்காங்களா?"

"இருந்தாங்க. இப்பக் காணோம்."

அக்கா அதை மனதுக்குள் வைத்து யோசித்தாள். யோசிக்கும்போது நெற்றியைச் சுருக்குகிற வழக்கம் மட்டும் அவளிடம் அப்படியே இருந்தது. பிறகு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, புண் படாமல் மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதீங்க. வந்துடுவா. தம்பியை விட்டுட்டு எந்த அக்காவாவது போவாளா?" என்றாள். "அவ வர்ற வரைக்கும் இங்கயே இருங்க."

"இருக்கேன்," என்றார் தம்பி.